மூன்று இடத்தில் மூன்று உயரம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. ஜூலையில் பள்ளியில் அளந்தபோது உயரம் 118 செ.மீ. வீட்டுக் கதவில் கோடு போட்டு அளந்தால் 119. செப்டம்பரில் தடுப்பூசிக்குப் போனபோது கிளினிக்கில் 116.8 என்கிறார்கள். போன செப்டம்பரில் அங்கேயே 111.6. எடையும் 300 கிராம் குறைந்திருக்கிறது. இணையத்தில் பார்த்தால் ஹார்மோன் குறைபாடு என்று வருகிறது. உயரம் கூட்டும் பொடி வாங்கிக் கொடுக்கிறேன். ஹார்மோன் ஊசி போட வேண்டிவருமா?
– வாசகி, ஆர்.கே.புரம், டெல்லி

வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் நம்புகிற எண்கள் இரண்டுதான்: கிளினிக்கில் ஒரு வருட இடைவெளியில் எடுத்த 111.6, 116.8. வளர்ச்சி 5.2 செ.மீ. இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்ந்தால் போதும். உங்கள் மகள் நன்றாகவே வளர்கிறாள்.

பள்ளியில் பெரும்பாலும் காலையில் அளப்பார்கள். தூங்கி எழுந்ததும் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள் உப்பியிருக்கும். நடமாட நடமாட அமுங்கும். காலைக்கும் மாலைக்கும் ஒரு செ.மீ. வரை வித்தியாசம் வரலாம். அத்துடன், நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளக்கும் ஆசிரியர், ஷூவையும் மடித்துக் கட்டிய ரெட்டைப் பின்னலையும் கழற்றச் சொல்லியிருப்பாரா? மேலிருந்து குனிந்து பார்த்தால் கோடு ஓரிடத்தில் தெரியும், கண் மட்டத்தில் பார்த்தால் வேறிடத்தில். கிடைத்ததை 118 என்று முழு எண்ணாக எழுதிவிடுவார்கள். வீட்டில் தலையில் வைத்த ஸ்கேல் லேசாகச் சாய்ந்தாலே அரை செ.மீ. கூடிவிடும். சுவரடி டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் குதிகால் சுவரில் படவே படாது.

தேர்ந்தவர்கள் அளந்தாலும் பிழை வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி வரைபடங்களுக்காக நம் தெற்கு டெல்லியிலும் குழந்தைகளை அளந்தார்கள். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டு உயரங்களும் 7 மி.மீ.க்கு மேல் விலகினால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். 7 மி.மீ. வரை விலகலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஏழு வயதுக் குழந்தை மாதத்துக்கு வளர்வதே அரை செ.மீ. அளவுக்குத்தான். அப்படியிருக்க, மாதாமாதம் கதவில் கோடு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது வளர்ச்சியா, பிழையா? ஆறு மாதத்துக்குக் குறைந்த இடைவெளியில் எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எடை 300 கிராம் என்பது பாத்ரூம் போய்வந்தால் மாறுகிற அளவு. அதை விடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே கருவியில், ஒரு வருடத்தில், நாலரை செ.மீ.கூட வளரவில்லை, வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டை விட்டுக் கீழ்க்கோட்டுக்கு இறங்குகிறாள் என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குட்டையாக இருப்பதைவிட வேகம் குறைவதுதான் எனக்குப் பெரிய கவலை. தைராய்டு குறைவு அப்படித்தான் வெளிப்படும். கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய், வட இந்தியாவில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, வயிற்றுப்போக்கே இல்லாமல் வளர்ச்சியை மட்டும் முடக்கலாம். பெண் குழந்தை என்றால் டர்னர் குறைபாட்டையும் (பெண்களுக்கு மட்டும் வரும் பிறவிக் குரோமோசோம் குறைபாடு) பரிசோதிப்போம். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு, ஆனால் காலத்தில் வர வேண்டும். பொடி கொடுத்துக் காத்திருந்து எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் வருகிற குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைக்கு எந்தப் பொடியும் உயரம் கூட்டாது. இன்றே நிறுத்துங்கள்.

அடுத்த அளவு மார்ச்சில். அதே கிளினிக், அதே நேரம். வெறுங்கால், பின்னலை அவிழ்த்துவிட வேண்டும், கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை அளக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். பழைய தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். அதில் பிறந்த நாள் முதல் குறித்த நீளங்கள் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.