ஃப்ரீசரில் வைப்பதும் எடுப்பதும்: கேள்வி பதில்

உணவு நுண்ணுயிரியல் என் துறை. உணவை வீட்டில் உறைய வைப்பது, இளக வைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்கு ஒரே வரியிலும் பதில் சொல்கிறேன். இயந்திரக் கோளாறு பற்றிக் கேட்டவர்கள் மெக்கானிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மேடம், ஃப்ரீசருக்குள் போனால் கிருமி எல்லாம் செத்துவிடும் அல்லவா? அப்புறம் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

சாகாது. இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியா பெருகுவது நின்றுபோகும். கொஞ்சம் அழியவும் செய்யும். ஆனால் பெரும்பகுதி உயிரோடு காத்திருக்கும், உணவு இளகியதும் மறுபடி பெருகத் தொடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்குத் தோதானது. சூழல் சாதகமாக இருந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

ஆக, ஃப்ரீசருக்குள் கிடக்கும் மாதங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே போகும் முன் வெளியே கிடந்த நேரமும், எடுத்த பிறகு இளகும் நேரமும்தான் ஆபத்து. கெடக்கூடிய உணவு வெளியே இருப்பது மொத்தம் 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். மொத்தம் என்பதைக் கவனியுங்கள். வாங்கி வரும் வழியில் போன அரைமணியும் அதில் சேரும்.

ஒட்டுண்ணிகள் விஷயம் வேறு. மீனில் இருக்கும் அனிசாகிஸ் போன்ற புழுக்களை உறைநிலை கொல்லும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்குகளில் ஒன்று. வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரை விடாமல் பிடித்து வைக்கும் என்று நம்ப முடியாது. மீனைப் பச்சையாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் வீட்டு ஃப்ரீசரை நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: காலையில் கோழியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். இதில் என்ன தப்பு, அக்கா?

மேடையில் வைக்கவே வேண்டாம். கட்டியாக உறைந்த கோழி வெளியிலிருந்து உள்ளே நோக்கி இளகும். நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும்போதே மேல்புறம் அறைச் சூட்டுக்கு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். பாக்டீரியா அதிகம் இருப்பதும் அந்த மேல்புறத்தில்தான். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது உள்ளே இருக்கும் ஐஸின் குளிர்.

வேகவைத்தால் போய்விடும் என்பது பாதி உண்மை. பாக்டீரியா சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை பெருகும்போது விட்டுப்போகும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. கையால் தொட்டுப் பிரித்து வைத்த சமைத்த உணவில் இந்த அபாயம் இன்னும் கூடுதல்.

முறையான வழிகள் மூன்று. ஃப்ரிட்ஜில் இளக வைப்பதுதான் இருப்பதிலேயே நல்லது. கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த தட்டில் வையுங்கள், சாறு மற்றவற்றின் மேல் சொட்டாது. 2 கிலோ, 2¼ கிலோ எடைக்குச் சுமார் ஒரு நாள் ஆகும். நாளை இரவு சமைக்க இன்று இரவே எடுத்துக் கீழே மாற்றிவிடுங்கள். அவசரம் என்றால், நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் முழுக்கி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக்கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். மூன்றாவது மைக்ரோவேவ். அதில் ஓரங்கள் வேகத் தொடங்கிவிடும் என்பதால் எடுத்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். குளிர்ந்த நீரில் இளகியதையும் அப்படியே, உடனே சமைக்க வேண்டும்.

கேள்வி: இளக வைக்காமல் நேராகச் சமைக்கலாமா?

தாராளமாக. வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகும். கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். மெதுவாகச் சூடேற்றும் ஸ்லோ குக்கரில் மட்டும் உறைந்த இறைச்சியைப் போடாதீர்கள். ஆபத்தான சூட்டைத் தாண்டவே அதற்கு வெகுநேரம் ஆகும்.

கேள்வி: வெந்நீரில் போட்டால் சீக்கிரம் இளகுமே?

மேல்புறம் சீக்கிரம் சூடாகும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை இளகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகியது என்றால் வைக்கலாம். சுவையும் பதமும் குறையும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் ஃப்ரீசரிலும் வேண்டாம், அடுப்பிலும் வேண்டாம்.

மறுப்பு: மன்னிக்கவும் மேடம், இது தவறான அறிவுரை. பிரிட்டனின் உணவுத் தர முகமை, இளகிய பச்சை இறைச்சியைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது என்கிறது. சமைத்த பிறகுதான் வைக்கலாமாம்.

நீங்கள் சொன்னது சரி, அந்த முகமை அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்க வேளாண் துறையோ, ஃப்ரிட்ஜில் இளகியதைச் சமைக்காமலே திரும்ப வைக்கலாம், தரம்தான் குறையும் என்கிறது. இரண்டும் அரசு அமைப்புகள்தான். பாக்டீரியா இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இது என் கருத்து: ஒரு தரப்பு, எங்கே எப்படி இளகியது என்று வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை என்று எண்ணி முழுதாகத் தடுக்கிறது. இன்னொன்று, கணக்கு வைப்பவரை நம்பி அனுமதிக்கிறது.

இன்னொருவர்: என் மாமியார், திரும்ப உறைய வைத்தால் உணவு விஷமாகிவிடும் என்கிறார். அதுதானே காரணம்?

இல்லை. திரும்ப உறைய வைக்கும் செயலால் எந்த நச்சும் உண்டாவதில்லை. முதல்முறை இளகியபோது எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாக்டீரியா பெருகியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணிக்கையோடு உறையும், அடுத்தமுறை அங்கிருந்து தொடங்கும். ஆனாலும் உங்கள் மாமியார் வழியில் போனால் யாருக்கும் உடம்புக்கு வராது. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

மறுப்பு தந்தவர்: சரி, தரம் குறையும் என்கிறீர்களே, அது எப்படி? ஐஸ் ஐஸ்தானே?

எல்லா ஐஸும் ஒன்றல்ல. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உணவில் இருக்கும் நீரில் பெரும்பங்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் படிகமாகிறது. அந்த எல்லையை வேகமாகத் தாண்டினால் சின்னச் சின்னப் படிகங்களாக உருவாகும். மெதுவாகத் தாண்டினால் பெரிய படிகங்கள் வளர்ந்து திசுவைச் சிதைக்கும். இளகும்போது தட்டில் தேங்குகிறதே சிவப்பு நீர், அது அந்தச் சிதைந்த திசுவிலிருந்து வடிவது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வடியும், இறைச்சி சக்கையாகும்.

இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ கவனித்தது இதைத்தான். கடும் குளிரில் சட்டென்று உறைந்த மீன், இளகிய பிறகும் புதிது போலவே இருந்தது. 1920களில் அவர் உருவாக்கிய விரைவு உறைவிப்பு இயந்திரங்களின் அடிப்படை இது. வீட்டில் அந்த வேகம் வராது, ஆனால் பக்கத்தில் போகலாம். ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். நன்றாக உறைந்தபின் அடுக்கலாம். இப்படிச் செய்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். வேண்டியதை மட்டும் எடுப்பதால், திரும்ப வைக்கலாமா என்ற கேள்வியே உங்கள் வீட்டில் வராது.

மறுப்பு தந்தவர்: அப்படியானால் கடைசியில் வைக்கலாமா கூடாதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகியது என்று உறுதியாகத் தெரிந்தால் வைக்கலாம். தெரியாவிட்டால் கூடாது. இதை ஒரே சொல்லாகச் சுருக்கினால் தவறாகிவிடும்.

கேள்வி: காற்று நீக்கிய பாக்கெட்டில் வரும் உறைந்த மீனை அப்படியே ஃப்ரிட்ஜில் இளக வைக்கலாம்தானே?

இதைக் கேட்டதற்கு நன்றி, பலருக்கும் தெரியாத விஷயம். பாக்கெட்டைப் பிரித்தபின் இளக வையுங்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா காற்றில்லாத இடத்தில் வளர்வது. மீனோடு தொடர்புள்ள அதன் ஒரு வகை 3 டிகிரியை ஒட்டிய குளிரிலும் வளரும். மணமோ நிறமோ மாறாமலே நச்சு உண்டாகியிருக்கலாம். பாக்கெட்டில் ஒரு வெட்டு போட்டால்கூட காற்று உள்ளே போய்விடும். உறையின்மேல் வேறு அறிவுரை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: மேடம், ராத்திரி எடுத்து மேடையில் வைத்தால் காலையில் சரியாக இருக்குமா? ராத்திரி சூடு குறைவுதானே?

இருக்காது. எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்தான். மேலே விவரமாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சூடான சமையலை ஆறவைத்துத்தான் ஃப்ரீசரில் வைக்க வேண்டுமா?

முழுதாக ஆறட்டும் என்று மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுவதுதான் பிரச்சினை. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள், வேண்டுமானால் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். சீக்கிரம் சூடு தணியும், 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடலாம். நீர்மமான உணவு என்றால் டப்பாவில் மேலே இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், கண்ணாடி என்றால் உடைந்துவிடும்.

சோறு வைப்பவர்கள் இன்னும் வேகமாக இருக்க வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அது விடும் வாந்தி நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

கேள்வி: இறைச்சியில் வெள்ளையாக, காய்ந்த திட்டுகள் இருக்கின்றன. கெட்டுவிட்டதா?

இல்லை. பை சரியாக மூடாததால் ஐஸ் நேராக ஆவியாகிப் போன இடம் அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நார் போல இருக்கும். வெட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வருடமாகக் கிடக்கும் மீன்?

விடாமல் மைனஸ் 18லேயே இருந்திருந்தால் ஆபத்தில்லை, ருசிக்கு உத்தரவாதமில்லை. கொழுப்புள்ள மீன் 2, 3 மாதத்திலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதைக் குளிரால் முழுதாக நிறுத்த முடியாது. இனிமேல் தேதி எழுதி வையுங்கள்.

கேள்வி: உறைந்த மக்காச்சோளம், பட்டாணியை இளக வைத்து அப்படியே சாலட்டில் போடலாமா? ஏற்கெனவே வெந்தது போலத்தான் இருக்கிறது.

வேகவைத்துப் போடுங்கள். நிறமும் சுவையும் மாறாமல் இருக்க, கொதிநீரில் சற்று முக்கி எடுத்துத்தான் காய்களை உறைய வைக்கிறார்கள். அது முழு வேக்காடு அல்ல. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 47 பேருக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்து, 9 பேர் இறந்தார்கள். விசாரணை உறைந்த மக்காச்சோளத்தில் போய் நின்றது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில் இதில் சமரசமே வேண்டாம்.

கேள்வி: முட்டை?

ஓட்டோடு வேண்டாம், வெடிக்கும். அடித்து டப்பாவில் வைக்கலாம்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் ஃப்ரீசர் நல்லது?

இது என் துறை இல்லை.

கேள்வி: குழந்தைக்கு எடுத்து வைத்த தாய்ப்பால்?

ஃப்ரிட்ஜில் இளக வையுங்கள், முழுதாக இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, சில இடங்கள் மட்டும் கொதித்து வாய் வெந்துவிடும். குறைமாதக் குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

கேள்வி: ஊருக்குப் போயிருந்தபோது கரண்ட் போய் வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எல்லாம் கல் மாதிரிதான் இருக்கிறது.

கல் மாதிரி இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இளகி மறுபடி உறைந்திருக்கலாம். பைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, சாறு வடிந்து தட்டில் உறைந்திருந்தாலோ அது நடந்திருக்கிறது. வெளியே எறியுங்கள். கதவைத் திறக்காவிட்டால் நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். அடுத்தமுறை கிளம்பும் முன் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் இளகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கோழியை வெயில் படும் ஜன்னலில் வைத்து...

வேண்டாம். மேடை, ஜன்னல், பாத்திரம் கழுவும் தொட்டி, மூடி போட்ட பாத்திரம், போடாத பாத்திரம், எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜ், குளிர்ந்த நீர், மைக்ரோவேவ், இல்லையென்றால் நேராக அடுப்பு. இதே கேள்வியை வேறு வேறு இடம் சொல்லிக் கேட்டிருக்கும் மற்றவர்களுக்கும் பதில் இதுதான்.

கேள்வி: என் ஃப்ரீசர் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கிறது. மைனஸ் 18 எது?

அந்த எண்கள் டிகிரி அல்ல, குளிர் கூடுதலா குறைவா என்பதை மட்டும் காட்டுகின்றன. ஃப்ரீசருக்கென்றே விற்கும் சின்ன வெப்பமானி ஒன்றை இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். குளிர் போதாமல் இருந்தால் திருகை ஒரு எண் மாற்றி, மறுநாள் காலை மறுபடி பாருங்கள்.