காராமணியில் துரு நோய்: எந்த மாதம் விதைத்தால் தப்பலாம், ரகத்தை மாற்றினால் போதுமா?

ஐப்பசியில் மொட்டை மாடியில் விதைத்த காராமணிக்கு இப்போது மார்கழியில் இலையெல்லாம் துருவாகிவிட்டது, மாதத்தை மாற்றுவதா ரகத்தை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையைப் பொறுத்தவரை முதலில் மாதம், அப்புறம்தான் ரகம். நானும் வேளச்சேரியில் மாடியில்தான் காராமணி வளர்க்கிறேன்.

முதலில் அது துருதானா என்று பாருங்கள். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்குச் செம்பழுப்புக் கொப்புளங்கள் இருக்கும். வெள்ளைத் துணியால் தேய்த்தால் பொடி ஒட்டும். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் இலைப்புள்ளி நோய்.

அந்தப் பொடி முழுக்கப் பூசண வித்து. காற்றில் வந்து விழுந்தால் மட்டும் போதாது, இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே புகும். மிதமான குளிர்ச்சி அதற்குப் பிடிக்கும், 32 டிகிரிக்கு மேல் போனால் அடங்கிவிடும். மார்கழியில் நம் ஊர் இரவு 21 டிகிரி பக்கம் இறங்குகிறது, காலை எட்டு மணி வரை இலையில் பனி காய்வதில்லை. ஐப்பசியில் போட்ட செடி பூத்துக் காய்க்கும் நேரமும் அதுவே. ஒரு இலையில் வந்தது ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும், அதனால்தான் திடீரென்று மொத்தமாக வந்த மாதிரி தெரிகிறது.

அதனால் மாசியில் விதையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் காய்க்கும்போது துருவுக்கு வழியே இல்லை. தண்ணீர் இரண்டு வேளை கேட்கும், அசுவினிப் பூச்சி வரும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

ஆடிப் பட்டமும் நல்லதுதான், ஆனால் அங்கே ரகத்தின் வயது முக்கியம். இரண்டு மாதத்தில் முடிகிற குத்துச்செடி ரகம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்த்து ஓய்ந்துவிடும். மாதக்கணக்கில் காய்க்கும் கொடி ரகம் மழையிலும் பனியிலும் மாட்டிக்கொள்ளும்.

'நோய் எதிர்ப்பு ரகம்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் எந்த நோய்க்கு என்று கட்டாயம் கேளுங்கள். காராமணியில் பூசா கோமல் ரகம் பாக்டீரியா கருகல் நோயைத் தாங்குவதற்குப் பேர் போனது, அது துருவுக்கான உத்தரவாதம் இல்லை. பீன்ஸில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனூப் துருவையும் தாங்கும். துருப் பூசணத்திலேயே பல இனங்கள் உண்டு, ஒன்றைத் தாங்கும் ரகம் இன்னொன்றிடம் தோற்கலாம். ரகத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது நிற்கிற செடியில் பழுத்த அடி இலைகளைக் கிள்ளிக் கவரில் கட்டிப் போடுங்கள். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். தை பாதியில் கொடியைப் பிடுங்கிப் பந்தலைச் சுத்தம் செய்துவிடுங்கள். பழைய கொடி பக்கத்தில் இருந்தால் மாசி நாற்றுக்கு அதிலிருந்தே தொற்றும்.