2018 ஒசாகா நிலநடுக்கம்: கட்டடப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: சார், அது 6.1-ஆ, 5.5-ஆ? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரி. ஜப்பான் வானிலை முகமையின் அளவுமுறையில் 6.1, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 5.5.

கேள்வி: மிதமான நடுக்கம்தானே, அதில் எப்படி உயிர் போனது?

பதில்: மையம் ஊருக்கடியில், வெறும் 13 கிலோமீட்டர் ஆழத்தில். ஜூன் 18, திங்கள் காலை 7.58, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிற நேரம். படபடவென்று குலுக்கும் அதிர்வு அது, வீட்டைச் சாய்ப்பதைவிட விறைத்து நிற்கிற சுவரையும் பீரோவையும்தான் தள்ளும். ஒசாகா பக்கத்துத் தகாட்சுகி நகரில் பள்ளி நீச்சல் குளத்துச் சுவர் தெருப்பக்கம் சரிந்து 9 வயதுச் சிறுமி இறந்தாள். பிளாக் சுவர் 2.2 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அங்கே அடிச்சுவர்மேல் பிளாக் அடுக்கி 3.5 மீட்டர், முட்டுச்சுவரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கப் போன 80 வயதுப் பெரியவரும் ஒசாகா நகரில் இன்னொரு சுவரடியில் இறந்தார். ஜப்பானிலேயே 1978 மியாகி நடுக்கத்தில் இறந்த 28 பேரில் 18 பேர் இப்படிச் சுவர் விழுந்து போனவர்கள், 40 வருடம் கழித்தும் அதே சாவு என்றால் எனக்கு மனது ஆறவில்லை.

கேள்வி: கேஸ் வர ஏன் ஒரு வாரம்?

பதில்: 1,10,000 வீடுகளுக்கு மேல் குழாயையே மூடிவிட்டார்கள், கசிவு பார்க்காமல் திறக்க முடியாது. நடுக்கம் வந்தால் தானே கேஸை நிறுத்தும் வீட்டு மீட்டர் மட்டும் நின்றிருந்தால் அடுப்பை அணைத்து, மீட்டர் பொத்தானை அழுத்தி 3 நிமிடம் பொறுங்கள், சிவப்பு விளக்கு மின்னுவது நின்றால் சரி.

கேள்வி: ஆடினால் வெளியே ஓடுவதுதானே நல்லது?

பதில்: ஓடாதீர்கள். ஓடுகிற வழியில்தான் அந்தச் சுவர் இருக்கிறது. மேஜைக்கடியில் போய் மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2001-ல் குஜராத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள்தானே செத்தார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. அங்கே பல ஊர்களில் மண்சாந்தில் அடுக்கிய கருங்கல் வீடுகள், அப்படிப்பட்ட வீட்டில் வாசலருகே இருந்தால் நானே ஓடச் சொல்வேன். 1981-க்குப் பிந்தைய நிலநடுக்க விதிப்படி கட்டிய ஜப்பான் வீடு வேறு. முதலில் உங்கள் வீடு எது என்று பாருங்கள்.

கேள்வி: என் மாமா ஓடித்தான் தப்பித்தார்!

பதில்: எந்த வீட்டிலிருந்து? அதைச் சொல்லுங்கள், பேசலாம்.

கேள்வி: 6.1-ஆ, 5.5-ஆ சார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள். பீரோவை எப்படி நிறுத்துவது?

பதில்: பீரோவுக்கும் மேல்கூரைக்கும் நடுவே முறுக்கினால் நீண்டு இறுகும் கம்பி ஜப்பான் கடைகளில் கிடைக்கும், சுவரோரமாகக் கொடுங்கள், முன்னடியில் ஆப்பு வையுங்கள். ஒசாகா நடுக்கத்தில் பக்கத்து இபராகி நகரில் புத்தக அலமாரி விழுந்து 85 வயது முதியவர் போனார், அதனால் படுக்கையையும் தள்ளிப் போடுங்கள். அப்புறம், பிள்ளை பள்ளிக்குப் போகிற வழியில் நாளைக் காலை கூடவே நடந்து போய், உயரமான பிளாக் சுவர் எங்கெங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள்.