தங்கத் துகளை லேசரால் சூடாக்கிப் புற்றுக்கட்டியை எரிப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், நகை வெயிலில் பட்டால் அப்படியொன்றும் கொதிப்பதில்லையே, நானோ துகள் மட்டும் ஏன்?

அந்த அளவுக்குப் பொடியானால் தங்கம் தங்க நிறத்திலேயே இருக்காது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு சிட்ரேட் ஊற்றினால் வெளிர்மஞ்சள் போய், கறுத்து, அப்புறம் மாதுளைச் சாறு மாதிரி சிவக்கும். எலக்ட்ரான்கள் மொத்தமாக ஒளி அலையோடு சேர்ந்து ஆடுவதால் வரும் நிறம் அது, அந்த ஆட்டம்தான் சூடாக முடிகிறது. அதே கரைசலில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடுங்கள், துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். ரத்தத்திலும் உப்பு உண்டு இல்லையா, அதனால்தான் உடம்புக்குள் அனுப்பும் துகளுக்கு பெக் என்ற பாலிமர் பூச்சு.

கேள்வி: எந்த ஒளி?

இந்தச் சிவப்புத் துகள் உறிஞ்சுவது பச்சை ஒளியை, அது சதைக்குள் போகாது. இருட்டில் உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சிவப்புதானே தெரிகிறது? அதையும் தாண்டிய அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழு சிலிக்கா உருண்டைமேல் தங்கத்தை மெல்லிய ஓடாகப் போர்த்தி, அந்த ஒளியை உறிஞ்சும்படி செய்தது. 2003-லேயே எலிகளில் சோதித்துக் காட்டினார்கள்.

கேள்வி: மனிதர்களுக்குச் செய்திருக்கிறார்களா, மேடம் ஒருவர் இல்லை என்றார்.

செய்திருக்கிறார்கள். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு நியூயார்க்கில் நடந்த சோதனை 2019-இல் வெளியானது. முதல் நாள் துகளை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, மறுநாள் ஒளியைக் கொண்டுபோகும் மெல்லிய ஃபைபர் இழையைக் கட்டிக்குள்ளேயே செருகி லேசர். 16 பேரில் 15 பேருக்குத் திட்டப்படி முடிந்தது. சின்னச் சோதனைதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது.

கேள்வி: துகள் கட்டியைத் தேடிப் போகுமா?

விளம்பரங்களில் போகும். நிஜத்தில் கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் கொஞ்சம் கசிந்து தங்குகிறது, பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. டொராண்டோவின் வாரன் சான் குழு 2016-இல் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்தபோது (தங்கம் மட்டுமல்ல, எல்லா வகைத் துகளும்) ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். என் கண்ணில் இந்தத் துறையின் பெரிய தலைவலி இதுதான், லேசர் இல்லை.

கேள்வி: அண்ணா, அப்பாவுக்குக் கல்லீரல் வரை பரவிவிட்டது, இதற்கு எங்கே போகலாம்?

தம்பி, ஒளி விழுகிற இடத்தில்தான் இது வேலை செய்யும், பரவிய நோய்க்கு உதவாது. இதை நம்பி நடக்கிற சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்போ தங்க பஸ்பம்?

லேசரை எங்கே அடிப்பீர்கள், வயிற்றிலா? ஒளி இல்லாமல் இந்தத் துகள் எதையும் சுடாது.