ஷட்டர் டிவியில் பூச்சி பறந்தால் பிக்சர் டியூப் போய்விட்டது என்று பொருளா?

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தா 1972-இல் வாங்கிய, மரப்பெட்டியும் ஷட்டரும் கொண்ட சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி எங்கள் பரணில் இருந்தது. மெக்கானிக் ஒருவர் போட்டுப் பார்த்து, திரை முழுவதும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சி பறப்பதால் பிக்சர் டியூப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் உள்ளே சிவப்புப் பாதரசம் இருந்தால் லட்சக்கணக்கில் தருவதாகக் கூறி, பின்மூடியைக் கழற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

முதலில் அந்த இரண்டாவது ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிவப்புப் பாதரசம் என்பதே ஒரு கட்டுக்கதைப் பொருள்; எந்த டிவியிலும், எந்த வால்வு ரேடியோவிலும் அது வைக்கப்பட்டதே இல்லை. 2009-இல் சவூதி அரேபியாவில் பழைய தையல் இயந்திரங்களுக்குள் அது இருப்பதாகப் புரளி கிளம்பி, மக்கள் பெரும் விலை கொடுத்து ஏமாந்தார்கள். நம் ஊரில் அதே புரளி ஷட்டர் டிவியைப் பிடித்துக்கொண்டது. இத்தகைய தரகர்கள் "சோதனைச் செலவு" என்று முன்பணம் கேட்பார்கள், அல்லது பெட்டியைக் குடைந்து பாழாக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் கைபட்டு, டியூபின் கழுத்து ஒடிந்த நிலையில் என்னிடம் வந்த நல்ல பெட்டிகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆண்டைப் பற்றி ஒரு திருத்தம். சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். உங்கள் கடற்கரைப் பகுதியிலோ, 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கிய பிறகே பலருக்கு டிவியால் பயன் கிடைத்தது. ஆகவே 1972 என்பது நினைவுப் பிழையாக இருக்க வேண்டும். மெக்கானிக் பெட்டியைத் திறக்கும்போது ஐ.சி.க்களின் (பல கால்கள் கொண்ட சிறு கறுப்புச் சில்லுகளின்) மேல் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்: 8423 என்றிருந்தால், அது 1984-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது, அந்த ஐ.சி. பிற்பாடு மாற்றப்படாததாக இருந்தால், பெட்டி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

இனி பூச்சி. திரை முழுவதும் வெளிச்சமாகப் பூச்சி பறக்கிறதென்றால், டியூபும் அதற்கு உயரழுத்தம் கொடுக்கும் இ.எச்.டி. பகுதியும் வேலை செய்கின்றன என்றுதான் பொருள். படம் வராததற்குக் காரணம், ஆன்டெனாவில் பிடிக்க இன்று எதுவும் இல்லாததே. தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் ஏறத்தாழ முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர் அதை இனி எப்படிப் பயன்படுத்துவது என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. விதிமுறைகளின் கண்ணில் இது வெறும் மின்கழிவு. அந்த அறியாமையில்தான், நல்ல டியூபைப் போய்விட்டதாகச் சொல்லிக் காசு பார்ப்பவர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களுக்குத் தேவை, செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே ஓர் ஆர்.எஃப். மாடுலேட்டர்: பாக்ஸ் தரும் படத்தையும் ஒலியையும் டிவியின் ஆன்டெனா முனை ஏற்கும் சிக்னலாக மாற்றும் சிறு கருவி. அது பழைய டிவிகள் பிடிக்கும் வி.எச்.எஃப். சேனலில் வெளியிட வேண்டும். ஒலி அமைப்பு நம் நாட்டு டிவிகளுக்குரிய 5.5 மெகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். வேறு நாட்டு அமைப்பில் உள்ளதை வாங்கினால் படம் வரும், பேச்சு வராது.

ஆனால் இப்போதைக்கு மறுபடி பிளக்கில் செருகாதீர்கள். பல ஆண்டு சும்மா கிடந்த பெட்டியில் பவர் சப்ளை கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். முதலில் அவற்றை மாற்றிய பிறகு, 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது பெட்டிக்கு வரும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, போட்டு ஏற்ற வேண்டும்; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று ஒளிர்ந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மூடியை நீங்களே கழற்ற வேண்டாம்; அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பல பெட்டிகளில் சேஸிஸே (பாகங்கள் பொருத்தப்பட்ட உள் உலோகச் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு, அதாவது வீட்டு மின்சாரத்தோடு, இணைந்திருக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: கார் பேட்டரியிலும் ஓடும் 14 அங்குல போர்ட்டபிள் பெட்டிகளில் மெயின்ஸுக்கும் சேஸிஸுக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஆகவே சேஸிஸ் தொட்டாலும் அடிக்காது. ஆனால் உங்களுடையது மரப்பெட்டி. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. போர்ட்டபிள் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட வேண்டாம், ஏனெனில் டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பது மெயின்ஸை மட்டுமே. டியூபின் உயரழுத்தம் அதிலும் அப்படியே இருக்கிறது.

டியூபை "பூஸ்ட்" செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். டியூபினுள் சூடேறும் இழையான ஃபிலமென்டைக் கூடுதலாகச் சூடாக்கும் அந்த வித்தை சில மாதம் பளிச்சென்று காட்டிவிட்டு டியூபை முடித்துவிடும், உங்கள் டியூபுக்கு அது தேவையும் இல்லை. மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கும் முன், சீரிஸ் பல்பு போர்டு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்பவரிடம் பெட்டியை ஒப்படைக்காதீர்கள்.