எக்ஸ்ரே குழாய் வடிவமைக்க ஆசைப்படும் மகளுக்கு: பட்டத்தை விட ஆய்வகம் முக்கியம்

மகள் மென் எக்ஸ்ரே (ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே) தரும் சிறிய குழாய்களை வடிவமைக்கும் துறைக்குப் போக விரும்புகிறாள், இயற்பியல் எடுப்பதா எலெக்ட்ரானிக்ஸ் எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டில் எதுவானாலும் சரி. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது, வெற்றிடக் கருவிகளோடு அவள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைத்தான்.

குழாயின் தத்துவம் 1913-இல் அமெரிக்க இயற்பியலாளர் கூலிட்ஜ் செய்து காட்டியதேதான். காற்றை நீக்கிய குழாய்க்குள், சூடான டங்ஸ்டன் இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் உலோக இலக்கில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூடக் கதிராவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. கைக்குள் அடங்கும் குழாயில் அந்தச் சூட்டை வெளியேற்றுவது முதல் தலைவலி.

அடுத்தது ஜன்னல், அதாவது கதிர் வெளியே வரும் மெல்லிய பெரிலியத் தகடு. அலுமினிய இலக்கு தரும் கதிரின் ஆற்றல் 1.49 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். 25 மைக்ரோமீட்டர் பெரிலியத் தகட்டைத் தாண்டி அதில் ஏறக்குறையப் பாதி வரும்; 125 மைக்ரோமீட்டர் என்றால் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். வெளியே வந்ததிலும் முக்கால்வாசியை ஒரே சென்டிமீட்டர் காற்று விழுங்கிவிடும். தகட்டை மிகவும் மெலிதாக்கினால் காற்றழுத்தம் தாங்காமல் போகலாம், ஊசித்துளை விழலாம். ஒவ்வொரு பொருளும் கதிரை எவ்வளவு விழுங்கும் என்று காட்டும் உட்கவர் குணக அட்டவணையை வைத்து இந்தக் கணக்கை மகளே போட்டுப் பார்க்கட்டும். சலிப்பில்லாமல் போட்டால் ஆசை நிஜம்தான்.

சோதனையில் நன்றாக ஓடிய குழாய் சில வாரங்களில் சாவது இத்துறையில் சகஜம். சூடேறிய பாகங்கள் வாயுவைக் கக்கும், அழுத்தம் ஏறும், தீப்பொறி பாயும், அயனிகள் இழையை அரிக்கும். உள்ளே வைத்த பாகத்தில் ஒரு விரல் ரேகை எண்ணெய் போதும். அதனால்தான் பம்ப்பை ஓடவிட்டபடியே மணிக்கணக்கில் குழாயைச் சுட்டெடுத்து, எஞ்சும் வாயுவை உறிஞ்ச கெட்டர் வைத்து, பிறகே பம்ப்போடு இணைக்கும் தாமிரக் குழலை நசுக்கி மூடுகிறார்கள். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் இலக்கில் படிந்தால், நிறமாலையில் 1.77 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் வேண்டாத கோடு ஒன்று முளைக்கும்.

ஆகவே கல்லூரிக்குப் போகும்போது கேளுங்கள்: உயர் வெற்றிடம் உண்டாக்கும் டர்போ பம்பும், நுண்ணிய ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஹீலியம் கசிவு அளவியும் மாணவர் கைக்குத் தருவீர்களா? செராமிக்கையும் உலோகத்தையும் இணைக்கும் பிரேசிங் செய்கிறீர்களா? எலெக்ட்ரான் பாதையைக் கணினியில் வரைவதைப் பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம்; இவற்றை அப்படி முடியாது.

குழாய் செய்யும் நிறுவனங்கள் குறைவு, உண்மைதான். ஆனால் இதே வெற்றிடக் கைத்திறன் எலெக்ட்ரான் நுண்ணோக்கி, நிறை நிறமாலைமானி, சிப் தயாரிப்பு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பாதுகாப்பு பற்றி: 'மென்' என்ற பெயரை நம்ப வேண்டாம். இந்தக் கதிர் ஆழம் போகாது என்பதாலேயே மொத்தத்தையும் தோலில் இறக்கும். தடித்த சுவருள்ள சாதாரண கதிர் அளவி அதைக் காட்டாமலே போகலாம். கதவு திறந்தால் மின்சாரம் அறுந்துவிடும் பெட்டிக்குள்தான் குழாயை ஓட்ட வேண்டும். பெரிலியத் தகட்டைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டும்போது இந்த இரண்டையும் அவர்களாகவே சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.