பெட்ரோல் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். போக வர 60 கி.மீ. பெட்ரோலுக்கே மாதம் 10,000 ரூபாய் ஆகிறது. சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) கிட் மாட்ட 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கும் என்கிறார்களே, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: கச்சா எண்ணெய் இறங்கலாம். அந்த இறக்கம் உங்கள் பங்க் வரை வந்து சேருமா என்பதுதான் சந்தேகம்.

ஒரு பேரல் என்பது சுமார் 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பேரலுக்கு 1 டாலர் குறைவது லிட்டருக்கு 53 பைசா. 10 டாலர் குறைந்தால் 5 ரூபாய் சொச்சம். தமிழ்நாட்டு வாட் (மாநில விற்பனை வரி) இரண்டு பகுதி கொண்டது; அதில் 13 சதவீதப் பகுதியும் கூடவே இறங்கும் என்பதால் சுமார் 6 ரூபாய். ரூபாய் மதிப்பு சரிந்தால் இதிலும் துண்டு விழும்.

ஆனால் வாட்டின் இன்னொரு பகுதியான லிட்டருக்கு 11.52 ரூபாய் அசையாது. மத்திய கலால் வரியும் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்குதான். கச்சா விலையோடு தானாக இறங்காது. சொல்லப்போனால், கச்சா இறங்கும்போதுதான் அது ஏறுகிறது! 2025 ஏப்ரலில் கச்சா சரிந்ததும் பெட்ரோல் கலால் 2 ரூபாய் கூடியது. பங்க் விலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நமக்கு வர வேண்டியதை வரி எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சாவின் முன்பேர விலை (பின்னால் வாங்க இப்போதே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. மே மாதம் இங்கே பெட்ரோல் கலால் 10 ரூபாய் ஏறியது.

2017 ஜூனிலிருந்து தினசரி விலை நிர்ணயம் என்று பெயர். சென்னையிலோ 2022 மே கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை லிட்டர் 102 ரூபாய் சொச்சத்திலேயே நின்றது. அப்புறம் மக்களவைத் தேர்தல் நெருங்கியதும் 2 ரூபாய் குறைந்தது. எண்ணெய் நிறுவனங்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2022இல் கச்சா 120 டாலரைத் தாண்டியபோது ஏற்றம் முழுவதையும் அவை நம் தலையில் கட்டவில்லை. பிறகு விலை இறங்கியதும் விட்டதைப் பிடித்தன: 2023-24இல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து ஈட்டிய லாபம் 80,000 கோடி ரூபாய்க்கு மேல்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் மாதம் 25 நாளைக்கு 100 லிட்டர். கச்சா 10 டாலர் இறங்கி, அது பைசா குறையாமல் வந்து சேர்ந்தாலும் உங்களுக்கு மிச்சம் 600 ரூபாய். சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கி.மீ. என்று வைத்தால் மாதச் செலவு 6,750. மிச்சம் சுமார் 3,250 ரூபாய். கிட்டுக்குப் போட்ட பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். இதில் உங்கள் பகுதி விலையைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

இந்தக் காரை இன்னும் மூன்று வருடமாவது ஓட்டுவீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம், மாட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன், போகும் வழியில் எந்த பங்க்கில் கேஸ் கிடைக்கிறது, காலையில் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.